ஆண்: அறியப்படவில்லை

வாலிநோக்கம் உப்பளத்தில், கடைசிப் பாத்திக்கும் அப்பால்,
வரப்பு உடைந்து கடல் கசியும் இடத்தில்
உமரி சிவக்கத் தொடங்கியிருந்தது.
தண்டின் கணுவில்
யாரோ சாம்பல் தட்டிவிட்டுப் போனதுபோல் ஏதோ.
ஊதினேன். பறக்கவில்லை.
லென்ஸை இறக்கினேன்.
சாம்பலுக்குக் கால்கள் இருந்தன.

நீளம் ஒன்று புள்ளி மூன்று மில்லிமீட்டர்.
பக்கத்தில் கிடந்த உப்புக்கல் அதைவிடப் பெரிது.
உடல் பேரிக்காய் வடிவம் என்று எழுதி அடித்தேன்;
அது புத்தக வழக்கம்.
இது தோலுரித்த வேப்பங்கொட்டை,
தலைப்பக்கம் ஒடுங்கி, பின்பக்கம் கனத்து.
மேலே மெழுகுப் பொடி,
ஈரம் ஒட்டாமலிருக்கத் தானே பூசிக்கொண்டது.
துடைத்தால் பச்சை.
பங்குனியில் செடி சிவந்தால் கூடவே சிவக்கும்.

உணர்கொம்பு ஆறு கணு.
கடைசிக் கணுவின் நுனி தூண்டில் நரம்பாய் இழுபட்டுக்
காற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும்.
கண்கள் மிளகாய்ப்பழ நிறம்.
ஒவ்வொன்றின் பின்னாலும் மூன்றே வில்லைகள் கொண்ட சிறு மேடு,
கண்ணுக்கு ஒரு கைக்குழந்தை.
உறிஞ்சுகுழல் மூன்றாம் காலின் அடிவரை.
முதுகின் கடைசியில் இரண்டு கரிய குழல்கள்,
விசைப்படகின் புகைக்குழாய் போலக் குட்டையாய்.
வால் சுண்டுவிரல் மாதிரி. அதில் ஐந்து மயிர்.
எழுபது மாதிரிகளில் எண்ணிவிட்டேன், ஐந்துதான்.
இதன் நெருங்கிய உறவினத்துக்கு ஏழு.
இல்லாத அந்த இரண்டு மயிரை வைத்துத்தான்
இது புதிய அசுவினி.

பாத்துமுத்து உப்புவாரும் பலகையை ஊன்றி நின்றாள்.
"இதுக்கா ராம்நாட்டுலருந்து மூணு தடவ வந்தீக?"
லென்ஸைக் கொடுத்தேன்.
வெகுநேரம் திருப்பித் தரவில்லை.
"அல்லாவே, குட்டி போடுது."
ஆமாம். முட்டையில்லை.
பின்புறம் முதலில், கால்கள் மடித்து,
தலை மட்டும் இன்னும் அம்மாவுக்குள்.
அம்மா அதுபாட்டுக்குக் குடித்துக்கொண்டிருந்தாள்.
"இந்தக் கீரையத்தானே அலசி அலசித் தின்னோம்.
எத்தன ஆயிரம் போயிருக்கும் வயித்துக்குள்ள!"
இயற்கை எதிரிகள் என்ற தலைப்பில்
பொறிவண்டு, ஒட்டுண்ணிக் குளவி என்று எழுதியிருந்தேன்.
மூன்றாவதாக எதையும் சேர்க்கவில்லை.

ஆய்வறையில் வயிற்றில் ஊசியால் ஒரு துளை.
காரநீரில் பத்து நிமிடம்.
பச்சையும் சிவப்பும் கரைந்து
தாய் கண்ணாடியானாள்.
உள்ளே வரிசையாய்ப் பதினொரு மகள்கள்,
கண்புள்ளிகள் மட்டும் கரையாமல்.
மூத்தவளின் வயிற்றில் இன்னும் சிறிய மணிகள்,
அவையும் ஒழுங்காக அடுக்கி.
அளவுகோலை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன்.
எண்ணிக்கை: ஒன்று.
விதி அப்படித்தான் எண்ணச் சொல்கிறது.

சிறகுள்ளவை மூன்று கிடைத்தன, மூன்றும் பெண்.
நான்கு பருவம் தேடினேன், மூக்கையூர் வரை நடந்து.
குளிர் எட்டாத கரையில்
ஆணுக்கு வேலையில்லை போலும்.
விவரிப்பின் கடைசி வரியை இப்படி முடித்தேன்:
ஆண்: அறியப்படவில்லை.

அதை வாசித்துக் காட்டியபோது
அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை கேட்டாள்.
"ரேஷன் ஆபீசுல இப்படித்தான் எழுதச் சொல்றேன்
பதினாலு வருசமா.
மாட்டேங்குறாக.
குவைத்து அட்ரசு கேக்குறாக."
முகத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு
பாத்திக்குள் இறங்கினாள்.
நான் அடுத்த பக்கத்தை வாசிக்கவில்லை,
அது கால் மயிர்களைப் பற்றியது.

ஐப்பசியில் கடல் ஏறி உமரி முழுக்க முங்கியது.
வடிந்த மூன்றாம் நாள் போனேன்.
எறும்புகள் ஒரே ஒரு செடியில் ஏறிக்கொண்டிருந்தன.
லென்ஸை எடுக்கவில்லை.

இப்போது அவள் மரப்பெட்டியில் இருக்கிறாள்,
பிசினுக்குள், பதினொருவரோடு.
கண்ணாடித் துண்டில் ஒட்டும் சீட்டு கட்டைவிரல் நகம் அகலம்.
ஊர், செடி, தேதி, என் பெயர்.
மிச்சமிருந்த ஓரத்தில் இன்னொரு பெயரைத் தொடங்கினேன்.
"பாத்துமு" வரை இடமிருந்தது.
மீதியைச் சீட்டைத் திருப்பி
விளிம்போடு செங்குத்தாய் எழுதினேன்.